வண்டி கொதிக்கிறதா? எப்போது என்று சொல்லுங்கள்!

கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறியவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். பர்லியாருக்கு முன்னும் பின்னும், சாலையோரத்தில் போனட்டைத் திறந்து வைத்தபடி பழைய கார்கள் நிற்கும். உள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி வரும். ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு காத்திருப்பார். இன்னொருவர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியை நெருங்குவார். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான தூரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறும் சாலை அது. ஊருக்குள் ஓடும்போது தெரியாத கோளாறெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

இப்படி நின்ற வண்டிகள் பலவற்றுக்கும் பிறகு நடப்பது ஒரே கதைதான். ரேடியேட்டரை மாற்றுவார்கள். சரியாகாது. வாட்டர் பம்ப்பை மாற்றுவார்கள். அப்போதும் சரியாகாது. ஹெட்டைக் கழற்றுவார்கள். இவ்வளவு செலவுக்குப் பிறகும் கொதித்தால், 'பழைய வண்டி, இனி இப்படித்தான்' என்று கைவிரித்துவிடுவார்கள்.

இதை நான் ஏற்பதில்லை. அம்பாசடரும் மாருதி 800-ம் நம் மலைப் பாதைகளில் பல பத்தாண்டுகள் ஏறி இறங்கியவை. புதிதில் கொதிக்காத வண்டி இன்று கொதிக்கிறது என்றால், வயது காரணமல்ல. உள்ளே ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அது எது என்று தெரிந்துகொள்ள, ஸ்பானரைத் தொடும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வண்டி எப்போது கொதிக்கிறது?

சூடு போகும் வழி

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூட வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. ஒரு பெரும்பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஏறத்தாழ அதே அளவு சூட்டை வெளியேற்றும் பொறுப்பு கூலன்ட்டுடையது. வாட்டர் பம்ப் அதை இன்ஜினைச் சுற்றித் தள்ளுகிறது. சூடேறிய கூலன்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, காற்றுப் பட்டுத் தணிந்து, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. நடுவில் இருக்கும் தெர்மோஸ்டாட், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்திருக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்துவிடும்.

இவற்றோடு யாரும் மதிக்காத ஒரு பொருளும் இருக்கிறது: ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கருக்கு வெயிட் செய்யும் வேலையைத்தான் இது செய்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால், அதே இடத்தில் கொதிநிலை 115 டிகிரி அளவுக்குப் போகும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ இந்த 20 டிகிரி பாதுகாப்பும் போச்சு. ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். செலவு மிகக் குறைவு.

நான்கு நேரங்கள், நான்கு காரணங்கள்

சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் மீட்டரின் முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால், ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் காற்றைக் கொண்டுவர வேண்டும். மாருதி 800-ல் இருப்பது மின்சார ஃபேன். முள் பாதியைத் தாண்டியும் அது சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பிறகு பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுற்றினால் கோளாறு ஸ்விட்ச்சிலோ ரிலேயிலோ வயரிலோ இருக்கிறது. சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. பழைய அம்பாசடரில் ஃபேனைச் சுற்றுவது பெல்ட். அது தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முள் ஏறினால், ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. கூலன்ட்தான் போதிய அளவு ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்ப்பின் இறக்கைகளைத் துரு தின்றிருக்கலாம். பழைய கீழ் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளலாம். இன்ஜினை ரேஸ் செய்து ஹோஸைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். ஏ.சி. வண்டியாக இருந்தால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மண்ணும் பூச்சிகளும் அங்கே காற்றை மறித்துக்கொண்டிருக்கும்.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் உச்சிக்குப் போய், மேல் ஹோஸ் மட்டும் சூடேறாமல் இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கழற்றி வீட்டு அடுப்பிலேயே சோதித்துவிடலாம். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அடியில் படாதபடி தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சூடாக்குங்கள். தண்ணீர் கொதிநிலையை நெருங்கும்போது, அதன் வால்வு மெல்ல மெல்ல நகர்ந்து திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து அதைத் தள்ளுகிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லையென்றால் புதிது வாங்கிவிட வேண்டியதுதான்.

நான்காவது, தண்ணீர் குறைந்துகொண்டே இருப்பது. தினமும் ஊற்ற வேண்டியிருந்தால், எங்கோ ஒழுகுகிறது. வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சிறு துளை, ஹோஸ் கிளிப்புகள், டாஷ்போர்டுக்குக் கீழே ஈரமாகும் கார்ப்பெட் என்று வரிசையாகத் தேட வேண்டும். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தண்ணீர் மட்டும் மறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வந்தாலோ, வண்டி சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆயில் குச்சியில் பால் கலந்த டீ நிறம் தெரிந்தாலோ, அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கூடாது.

போர் தண்ணீர் செய்த வேலை

நம் ஊர்ப் பழைய வண்டிகளின் ரேடியேட்டர் கெடுவதற்குப் பெரிய காரணம் கடினத் தண்ணீர். கூலன்ட் என்பது பனி உறையும் நாட்டுக்குத்தான் தேவை என்று நினைத்துப் பலரும் போர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். ஆனால் கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் அதன் வேலைகள். இந்த இரண்டும் நமக்குத்தான் அதிகம் தேவை.

செம்பு, பித்தளையால் ஆன பழைய ரேடியேட்டரை ஒரு ரேடியேட்டர் கடையில் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தீ காட்டி ஈயப்பற்றை உருக்கி மேல் டேங்க்கைத் தூக்குவார்கள். கீழே வரிசை வரிசையாகத் தட்டைக் குழாய்களின் வாய்கள் தெரிய வேண்டும். போர் தண்ணீர் குடித்த ரேடியேட்டரில் அவை தெரியாது. வெள்ளையும் காவியுமாக உப்பும் துருவும் சேர்ந்து இறுகியிருக்கும். மெல்லிய தகட்டுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தி எடுக்க, காவி நிறத்தில் தூள் தூளாக உதிரும். சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்தால், பழைய ரேடியேட்டர் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை நடக்காது. அடைத்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். எதுவானாலும், அதன் பிறகு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

குறுக்கு வழி வேண்டாம்

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடுவது பழைய வழக்கம். ஆபத்துக்கு அடுத்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் ஓட்டையை அடைக்கும் அதே தூள் குறுகிய குழாய்களையும் அடைக்கும். இன்னொரு வழக்கம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அதன் பிறகு நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உள்பாகங்கள் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் கூலன்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வருவதால், மலை ஏறும்போது சூடு முன்பைவிட அதிகமாகும்.

மிகப் பெரிய செலவு வைப்பது ஹெட் கேஸ்கெட். பெரும்பாலும் அது அதிகச் சூட்டின் விளைவுதான். மாருதி 800-ன் அலுமினிய ஹெட் அதிகச் சூட்டில் வளைந்துவிடும், கேஸ்கெட் விட்டுவிடும். லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டாலும், சூட்டுக்குக் காரணமான பத்து ரூபாய் ஃபியூஸோ அடைத்த ரேடியேட்டரோ அப்படியே இருந்தால், அடுத்த கேஸ்கெட்டும் போகும்.

வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். முள் இறங்காவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஏறிய முள் திடீரென்று அடிக்கு விழுந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் முழுவதும் போய், சென்சார் வெறும் ஆவியில் இருந்தாலும் முள் அப்படி விழும்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போது 'ஹீட் ஆகுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். நின்றபோதா, ஓடியபோதா, ஏ.சி. போட்டிருந்தீர்களா, தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டு மேலும் இரண்டு கேள்வி கேட்கும் மெக்கானிக்கிடம் சாவியைக் கொடுங்கள். எதுவும் கேட்காமல் புது ரேடியேட்டருக்கு விலை சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.