சிலம்ப வீரர்களின் வலுப்பயிற்சியில் தலைமேல் எடை உந்துதலின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

தோளளவில் தாங்கிய எடையைக் கால்களின் உதவியின்றித் தலைக்குமேல் நேராக உயர்த்தும் பயிற்சி ‘ஓவர்ஹெட் பிரஸ்’ எனப்படும். இக்கட்டுரை இதனைத் ‘தலைமேல் உந்துதல்’ எனக் குறிக்கிறது. போர்விளையாட்டு வீரர்களுக்கு இப்பயிற்சி தேவைதானா என்னும் வினாவைச் சிலம்பத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிலம்பம், தலைமேல் உந்துதல், கர்லாக்கட்டை, இளவட்டக்கல், தோள்மூட்டு.

முன்னுரை

தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்குரிய 3 விழுக்காட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆதலின், உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிகளில் கம்பு பழகும் மாணவர் ஒருவருக்கு ஏற்படும் தோள் காயம், விளையாட்டோடு வேலைவாய்ப்பையும் பறிக்கக்கூடும். உடற்பயிற்சிக் கூடத்துப் பயிற்சிகளுள் எதனை, எந்த அளவில் ஏற்பது என்பது இப்பின்னணியில் முதன்மை பெறுகிறது.

மரபில் தோள்வலு

தென்மாவட்டங்களில் வழங்கிய இளவட்டக்கல் தூக்குதலில், வீரர் கல்லை அணைத்தெடுத்து, மடி, மார்பு, தோள் எனப் படிப்படியாக ஏற்றிப் பின்புறம் வீசுவார். இதில் இடுப்பும் முதுகுமே பெரும்பணி ஆற்றுகின்றன. கர்லாக்கட்டையோ தோளைச் சுற்றியும் தலைக்குப் பின்னும் சுழற்றப்படுவது. தண்டாலில் உந்துதல் மார்புக்கு முன்னாக நிகழ்கிறது. இவற்றுள் எதிலும் பெரும் எடையைத் தலைக்குமேல் நேராக உந்தும் அசைவு முதன்மை பெறவில்லை.

தோள்மூட்டின் இயக்கம்

கை முழுதும் உயரும்போது மேற்கை எலும்பின் அசைவோடு தோள்பட்டை எலும்பும் மேல்நோக்கிச் சுழல்கிறது. இவ்விரண்டின் பங்கு ஏறத்தாழ 2:1 என்பது உடலியக்கவியலார் கண்ட பொதுவிகிதம். மல்லாந்து எடை உந்தும்போது தோள்பட்டை எலும்பு பலகையில் அழுந்திக் கிடக்கும். தலைமேல் உந்துதலில் அது தடையின்றிச் சுழலும். அதனைச் சுழற்றும் விலாப்புறத் தசையும் வலுப்பெறும். இதுவே இப்பயிற்சியின் தனிப்பயன்.

குத்துச்சண்டையில் குத்தின் விசை பெரும்பாலும் காலூன்றலிலும் உடல் திருப்பத்திலும் பிறக்கிறது. மற்போரில் இழுத்தலும் பற்றுதலும் மேலோங்குகின்றன. சிலம்பத்திலோ உச்சி வீச்சு, தலைக்காப்பு, தலைக்குமேல் சுழற்றல் ஆகியவற்றில் கைகள் மீண்டும் மீண்டும் மேலெழுகின்றன. எனவே தலைமேல் உந்துதலுக்கான தேவை இங்குக் கூடுதலாகும். எனினும் கம்பு எடை குறைந்தது. அதனைச் சுழற்ற வேண்டுவன விரைவும் தாங்குதிறனும். வீச்சை உரிய இடத்தில் நிறுத்தும் தோளின் பின்புறத் தசைவலுவும் வேண்டும். இந்நிறுத்தாற்றலைத் தலைமேல் உந்துதல் போதிய அளவு தருவதில்லை, கர்லாக்கட்டை தருகிறது.

அளவும் வரம்பும்

ஒலிம்பிக் பளுதூக்குதலில் இடம்பெற்றிருந்த ‘பிரஸ்’ முறை 1972 மியூனிக் போட்டிக்குப்பின் நீக்கப்பட்டது. வீரர்கள் உடலைப் பின்வளைத்து எடையை உயர்த்தியமையால், நடுவர்கள் சரியான தூக்கலைப் பிரித்தறிய இயலாமற்போனது. இவ்வரலாறு பயிற்றுநர்க்கும் பொருந்தும்: எடை மிகும்போது தோளின் குறையை இடுப்பு ஈடுசெய்யத் தொடங்குகிறது.

ஆகவே, இடுப்பை வளைக்காமல் இரு கைகளையும் காதையொட்டி உயர்த்த இயலுகிறதா என முதலில் காணல் வேண்டும். இயலாதவர்க்குச் சாய்கோணத்தில் முன்னோக்கி உந்தும் பயிற்சி பொருந்தும். இயன்றவர்க்கு, வலியற்ற நிலையில், அளவான எடையுடன் வாரம் ஓரிரு முறை போதுமானது. உந்துதலுக்கு நிகராகவேனும் இழுத்தல் பயிற்சியும் இடம்பெறல் வேண்டும். கடுமையான கம்புச் சுழற்சிக்கு முன்னர் இதனைச் செய்து தோளைச் சோர்வுறச் செய்தல் தவிர்க்கத்தக்கது.

முடிவுரை

தலைமேல் உந்துதல் சிலம்ப வீரருக்கு ஒரு துணைப்பயிற்சி. அவரது வலுவை மதிப்பிடும் அளவுகோல் அன்று. கர்லாக்கட்டையை விலக்கிவிட்டு அதன் இடத்தில் இதனை அமர்த்துவது பொருந்தாது. கர்லாக்கட்டையோடு சேர்த்து அளவறிந்து பயன்படுத்துவதே தக்கது. பளுக்கம்பி கிட்டாத ஊர்களில் மணல்மூட்டையும் கைப்பளுவும் இந்நோக்கத்திற்குப் போதுமானவை என்பதால், வசதிக்குறைவு இப்பயிற்சிக்குத் தடையாகாது.