டிக்கால் தெரியும், காஞ்சி தெரியுமா?

குவாத்தமாலா காட்டுக்குள் டிக்கால் என்றொரு மாயன் நகரம் இருக்கிறது. மரங்களுக்கு மேலே தலை நீட்டும் கற்கோயில்கள். 1977-ல் வந்த முதல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில்கூட அவை தலைகாட்டின. உலகம் முழுக்கப் பயணப் பிரியர்கள் கனவு காணும் இடம். அங்கே புகழ்பெற்ற முதலாம் கோயில் எழுந்தது கி.பி. 732 வாக்கில். அதே நேரத்தில் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது, தெரியுமா? சென்னைக்கு 75 கிலோமீட்டர் தள்ளி, காஞ்சிபுரத்தில், பல்லவர்கள் கைலாசநாதர் கோயிலைக் கட்டி ஒரு தலைமுறையே ஆகிவிட்டிருந்தது!

பத்தாம் நூற்றாண்டுக்குள் டிக்காலில் ஆள் நடமாட்டம் அற்றுப்போய்க் காடு மூடிக்கொண்டது. காஞ்சியில் அதே வயதுடைய கோயிலுக்குக் காலையில் குருக்கள் வந்து கதவைத் திறக்கிறார், விளக்கேற்றுகிறார். இடிந்து கிடந்தால்தான் அதிசயம் என்று மனத்தில் பதிந்துவிட்டதோ என்னவோ, புழக்கத்தில் இருப்பதை நாம் அதிசயமாகவே எண்ணுவதில்லை. பட்டுப்புடவை எடுக்கப் போனோம், காமாட்சியைக் கும்பிட்டோம், சாப்பிட்டோம், வந்தோம். அவ்வளவுதான் பலருடைய காஞ்சி.

கைலாசநாதர் கோயிலிலேயே தொடங்கலாம். கட்டியவன் ராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன், காலம் கி.பி. 700-ஐ ஒட்டியது. பிராகாரச் சுவரோடு ஒட்டி உட்புறமாக 58 சிறு சன்னதிகள் வரிசையாக நிற்கின்றன. ராஜாவுக்குத் தன் பெயர்மேல் என்ன பிரியமோ, இருநூற்றுக்கும் மேற்பட்ட பட்டப்பெயர்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறான். கருவறையில் இருப்பது 16 பட்டை தீட்டிய லிங்கம். அதைச் சுற்றி வர வேண்டுமானால் ஓர் ஆள் தவழ்ந்தே நுழையக்கூடிய பொந்து. அதில் புகுந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. கொஞ்சம் பூசின உடம்பென்றால் இந்தப் பிறவியிலேயே சிரமம், முன்யோசனை தேவை! முன்னால் நிற்கும் சிறு கோயில்களில் ஒன்றைக் கட்டியவள் ராஜசிம்மனின் அரசி ரங்கபதாகை. அவள் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது.

சுவரில் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் ஓவியங்கள் ஒளிந்திருந்ததை 1931-ல் கண்டுபிடித்தவர், புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய். இன்றும் சின்னச் சன்னதிகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தால் அங்கங்கே ஒரு கன்னம், ஒரு கிரீடத்தின் விளிம்பு, செங்காவி, மஞ்சள். ஆயிரத்து முந்நூறு வருடத்து வண்ணம்!

இதே கோயிலைத்தான் பெரியபுராணத்துப் பூசலார் கதையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். கனவில் சிவன் வந்து, அன்றைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார் என்கிறார். அங்கே போய்ப் பார்த்தால் கோயிலே இல்லை. கையில் காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே அஸ்திவாரம் முதல் சிகரம் வரை கட்டி முடித்திருக்கிறார்!

இதைவிட என்னை மலைக்க வைப்பது பகைவன் ஒருவனின் கல்வெட்டு. சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பரம்பரைப் பகையைத் தீர்க்கப் படையோடு வந்து காஞ்சியைப் பிடிக்கிறான். பல்லவ அரசன் ஓடிவிட்டான். ஊர் அவன் கையில். நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் கொள்ளை, தீ, இடிபாடு வரவேண்டும். அவனோ ராஜசிம்மேஸ்வரம் என்ற இந்தக் கைலாசநாதர் கோயிலுக்குள் வருகிறான், அதன் செல்வத்தைப் பார்க்கிறான், அத்தனையையும் சாமிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதைக் கன்னடத்தில் பொறித்த கல்வெட்டு அந்தக் கோயில் மண்டபத்துத் தூணிலேயே இருக்கிறது. ஊர் திரும்பியதும் வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி பட்டதக்கலில் ஒரு கோயில் எழுப்பினாள். இன்று விருபாட்சர் கோயில் என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் அந்தக் கோயிலில் காஞ்சியின் சாயல் அப்படியே தெரியும். அதன் வழியே எல்லோரா கைலாசம் வரை அந்தச் சாயல் போனது என்பார்கள் கலை வரலாற்று அறிஞர்கள். தோற்ற ஊரின் கலை ஜெயித்தவன் ஊருக்குக் குடிபோன கதை இது.

அப்போது ஓடிப்போன பல்லவன் யார் தெரியுமா? அவனைப் பார்க்க வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகவேண்டும். பரமேசுவர விண்ணகரம் என்பது பழைய பெயர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே அமர்ந்த பெருமாள், நடுவில் பள்ளிகொண்டவர், மேலே நின்றவர். சுற்றிலும் சிங்கத்தூண் தாழ்வாரம். அதன் சுவர் நெடுகப் பல்லவ வம்ச வரலாறு, கல்லில் செதுக்கிய படக்கதையாக! சில காட்சிகளுக்குப் பக்கத்தில் விளக்க வரிகளும் உண்டு. அரசன் வாரிசில்லாமல் இறந்துபோகிறான். ஊர்ப் பெரியவர்கள் காடு மலை தாண்டி, கிளை வழியில் வந்த இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கொடு என்கிறார்கள். மூத்தவர்கள் மூவரும் மாட்டேன் என்கிறார்கள். 12 வயதுக் கடைக்குட்டி, நான் போகிறேன் என்கிறான். தகப்பனுக்கு மனசே வரவில்லை. கடைசியில் அந்தச் சிறுவன் யானைமேல் ஏறிக் காஞ்சிக்குள் நுழைகிறான். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன். சாளுக்கியனிடம் தோற்றான், பாண்டியனோடு மல்லுக்கட்டினான், விழுந்து விழுந்து எழுந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான். டிக்காலிலும் மாயன் அரசர்கள் தங்கள் பட்டாபிஷேகத்தைக் கல்லில் பொறித்துக்கொண்டிருந்த அதே காலம்! ஒருவருக்கொருவர் இருப்பதுகூடத் தெரியாது.

பல்லவ ராஜாக்களுக்குச் சிரிக்கவும் தெரியும். மாமல்லனின் அப்பா முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசம்' என்று சமஸ்கிருதத்தில் ஓர் அங்கத நாடகம் எழுதினான். கதை நடக்கும் இடம் அவன் தலைநகரமேதான். குடித்துவிட்டுக் காஞ்சித் தெருவில் தள்ளாடும் காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, நீதான் திருடினாய் என்று ஒரு புத்த பிக்ஷுவின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறான். கபாலத்தைத் தூக்கிப்போனதோ ஒரு நாய்! தன் ஊரையே இப்படிக் கிண்டலடிக்க அரசனுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்.

சரி, பட்டுக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் கச்சாப்பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, தெரியுமா? அப்படியென்றால் காஞ்சியுடையது எது? கை! குவாத்தமாலாவில் மாயன் பெண்கள் தறியின் ஒரு முனையை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் வார்ப்பட்டையால் பூட்டிக்கொண்டு நெய்கிறார்கள். காஞ்சியில் நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டுக்கொள்கிறார். கால் மிதிக்கிறது, பாவு இரண்டாகப் பிரிகிறது, நாடா பாய்கிறது. கோர்வைப் புடவை என்றால் நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது வீட்டிலேயே யாராவது ஒருவர். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் இடத்தில்தான் உடலும் கரையும் சேர்கின்றன. முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் பிட்னி போடுவார்கள்: பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை முந்திப் பாவின் இழைகளோடு கையாலேயே முறுக்கி இணைப்பார்கள். புடவையை வாங்கும்போது முந்தி தொடங்கும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள், அந்த இணைப்பு விரலுக்குத் தட்டும்.

ஜரிகையிலும் ஒரு சோதனை உண்டு. அசல் ஜரிகை, பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்க்கும். கடைக்காரர் முறைக்காத அளவுக்குச் சுரண்டுவது உங்கள் சாமர்த்தியம். கோபுரக் கரை, யாளி, அன்னம், ருத்ராட்சம் என்று புடவையில் ஓடும் உருவங்கள் பலவும் கோயில்களில் பார்த்தவைதான். ஆனால் அவ்வளவும் நெய்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பட்டு இருந்ததா என்பது வேறு கேள்வி. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படம் அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. நெசவாளியாக நடித்த பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இனிக் கொஞ்சம் ஓட்டமாக! ஏகாம்பரநாதர் ராஜகோபுரம் 192 அடி, 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. மூலவர் மணல் லிங்கம், அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. அந்தச் சிவன் கோயிலுக்குள்ளேயே நிலாத்திங்கள் துண்டத்தான் என்று ஒரு பெருமாள், அவரும் 108 திவ்யதேசக் கணக்கில் உண்டு! காமாட்சி கோயிலுக்குள்ளும் கள்வர் என்று ஒரு பெருமாள். உலகளந்த பெருமாள் கோயிலுக்குள் நுழைந்தால் ஒரே வளாகத்தில் நான்கு திவ்யதேசம் முடிந்துவிடும். காமாட்சி கோயிலிலிருந்த பங்காரு காமாட்சியைக் கலவரக் காலத்தில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்குப் பூஜை செய்த குடும்பத்தில் பிறந்தவர்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி!

வரதராஜர் கோயிலில் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும். அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் அத்திமரத்துப் பெருமாள் படுத்திருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வருவார். 1979-ல் வந்தார், 2019-ல் வந்தார். ஜூலை 1 முதல் 48 நாள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். அப்போது வந்த கூட்டத்தை ஒரு கோடிக்கு மேல் என்றார்கள். மீண்டும் 2059. அவர் குளத்துக்குள் இருக்கும்போது வருகிறவர்களுக்கு நூற்றுக்கால் மண்டபத்தின் கல் சங்கிலி இருக்கிறது, ஒரே கல்லில் வளையம் வளையமாகக் கோத்துச் செதுக்கியது. தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியும் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் பல்லி தோஷம் போகும் என்று வரிசை கட்டி நிற்கிறார்கள்.

சாமி பார்த்த கையோடு குடலை இட்லி. நீளமான மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலை விரித்து, கொரகொரப்பாக அரைத்த மாவை மிளகு, சீரகம், சுக்கு, நெய்யோடு ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். வெந்ததும் இலையை உரித்துத் துண்டு போடுவார்கள். முதல் வாயில் நெய், அடுத்து மிளகு, தொண்டையில் இறங்கியபிறகு சுக்கு. சட்னி கேட்காதீர்கள், தேவையே இல்லை. ஊரில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று கிண்ணத்தில் வேகவைத்துத் தருவதெல்லாம் இதற்கு உறவுகூட ஆகாது. இன்னொன்று: பெரிய கோயில்கள் நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணி ஆகும், அதற்கேற்பக் கிளம்புங்கள்.

அந்த மதிய இடைவெளியில் வேகவதி ஆற்றுக்கு அப்பால் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போய்வரலாம். காஞ்சியில் சிவ காஞ்சி, விஷ்ணு காஞ்சி போல ஜின காஞ்சியும் உண்டு, தெரியுமா? அதுதான் இது. விஜயநகர அதிகாரி இருகப்பர் 1387-ஐ ஒட்டி எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகள், வண்ணத்தில். கூட்டமே இருக்காது. ஒருகாலத்தில் காஞ்சியில் பௌத்தமும் பலமாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், நாலந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் இந்த ஊர்க்காரர் என்று எழுதிவைத்திருக்கிறார்.

நேரமிருந்தால் பஸ் ஏறி உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு, கால் வேலி நிலம், வேதப் படிப்பு எல்லாம் தகுதிகள். ஆகவே இது ஊரில் எல்லாருக்குமான தேர்தல் இல்லை, பிராமணர் சபைக்கு நடந்தது. 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஆனால் ஒரு விதி மட்டும் இன்றைக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா? அவன் சொந்தபந்தங்களும் நிற்க முடியாது!

கணக்கு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எமதர்மனின் கணக்கப்பிள்ளை சித்திரகுப்தனுக்கும் காஞ்சியில் தனிக்கோயில் உண்டு, தெரியுமா? கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருக்கிறார். சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் நெரியும், கேது பரிகாரத்துக்கு வருகிறவர்களும் உண்டு. மற்ற நாளில் நிதானமாகப் பார்க்கலாம். நெல்லுக்காரத் தெருவில் இருக்கிறது, பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.