மூலைத் தேய்ப்பானில் உப்புத்தாள் பிணைப்பு

மூலைத் தேய்ப்பான் என்பது கதவுச் சட்டம், சன்னல் மூலை, நாற்காலிக் கால் போன்ற குறுகிய இடங்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்து வழவழப்பாக்கும் சிறிய மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது சாண்டர் எனப்படுகிறது. இதன் அடித்தட்டு முக்கோண வடிவிலோ இஸ்திரிப்பெட்டி வடிவிலோ அமைந்திருக்கும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னையின் தென்புறநகர்களில் உள்ள பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளைப் புதுப்பிக்கும்போது, வட்டத் தேய்ப்பான் எட்டாத மூலைகளுக்கு இக்கருவி உதவுகிறது. வேலையின் நடுவே தாள் கழன்றால் அடித்தட்டு மரத்தில் உரசிக் கீறல் உண்டாக்கும், தட்டும் பழுதாகும்.

வரலாறு

1833 இல் இலண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித் துகள் ஒட்டிய தாளை வணிக முறையில் தயாரிக்கத் தொடங்கினார். சென்னையில் 1954 இல் நிறுவப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் உப்புத்தாள் உள்ளிட்ட தேய்ப்புப் பொருட்களை உற்பத்தி செய்கிறது. தாளைத் தட்டில் நிறுத்தும் கொக்கி-வளையப் பிணைப்பைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் உருவாக்கி 1955 இல் காப்புரிமை பெற்றார்.

பிணைப்பு முறைகள்

* கொக்கி-வளையம்: தட்டில் நுண்ணிய நெகிழிக் கொக்கிகளும், தாளின் பின்புறத்தில் நூல் வளையங்களும் இருக்கும். நாயுருவி விதை ஆடையில் ஒட்டிக்கொள்வது போல இவை பிணைகின்றன. இதுவே இன்று பரவலான முறை.
* பசை: தாளின் பின்புறப் பசை வழவழப்பான தட்டில் ஒட்டும். மரத்தூள் படிந்த தட்டில் இது நிற்காது.

தாள் கழலும் காரணங்கள்

முதன்மைக் காரணம் வெப்பம் ஆகும். பக்கத்திற்கு 93 மி.மீ. அளவுள்ள முக்கோணத் தாளின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர செ.மீ. கருவியைச் சாய்த்து, 2 சதுர செ.மீ. நுனியால் மட்டும் தேய்த்தால், அதே விசைக்கு அழுத்தம் சுமார் 18 மடங்காகிறது. உராய்வு வெப்பமும் அச்சிறு பரப்பிலேயே குவிகிறது. கொக்கிகள் பெரும்பாலும் நைலானால் ஆனவை. நைலான் 6 ஏறத்தாழ 220 பாகை செல்சியசில் உருகும். எனினும் அதற்கு வெகு முன்னரே இளகி வலுவிழக்கிறது. இளகிய கொக்கிகள் நிமிர்ந்தோ படிந்தோ போகின்றன.

ஆகவே புதிய தாளும் நுனியில் நிற்காவிடில், பழுது பெரும்பாலும் தாளில் இல்லை, தட்டில் உள்ளது. நுனிப்பகுதி பளபளப்பாகவும் தடவினால் சொரசொரப்பின்றியும் இருப்பது இதன் அறிகுறி. இந்நிலையில் தாளை மாற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. கொக்கிகளிடையே மரத்தூள் அடைவதும், பலமுறை கழற்றிய தாளின் வளையங்கள் அறுவதும் பிற காரணங்கள் ஆகும்.

தடுக்கும் வழிகள்

* கருவியின் எடையே போதுமானது. கையால் அழுத்துதல் கூடாது. இயன்றவரை தட்டு முழுவதும் மரத்தில் படியவேண்டும்.
* மழுங்கிய தாள் வெட்டாமல் உரசி வெப்பத்தையே கூட்டும், உடனே மாற்றவேண்டும்.
* சமபக்க முக்கோணத் தாளின் ஒரு நுனி தேய்ந்ததும், 120 பாகை திருப்பி அடுத்த நுனியைப் பயன்படுத்தலாம்.
* தட்டு ஆறிய பின்னரே தாளைக் கழற்றவேண்டும். சூடான கொக்கிகள் இழுபட்டு நிமிர்ந்துவிடும்.
* புதிய தாளை இடுமுன் தூரிகையால் தூளை அகற்றி, தூசு உறிஞ்சும் துளைகளை நேராகப் பொருத்தவேண்டும்.
* கொக்கிகள் அழிந்திருந்தால் தட்டையோ கொக்கிப் பரப்பையோ மாற்றுவதே தீர்வு. நிரந்தரப் பசையால் தாளை ஒட்டினால், அதைக் கழற்றும்போது தட்டு சிதையும். இருபக்க ஒட்டுநாடா சிறிது நேரமே தாங்கும். வெப்பத்தில் அதன் பசையும் இளகும்.

பாதுகாப்பு

தாள் மாற்றுமுன் மின்செருகியைக் கழற்றவேண்டும். மரத்தூள் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை மில்லியனுக்கு 90 பகுதி என வரையறுத்த விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட வண்ணங்களில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும் என்பதால், பழைய கதவுகளின் வண்ணத்தை உலர்நிலையில் இயந்திரத்தால் தேய்ப்பதைத் தவிர்க்கவேண்டும்.