வெளி வளையத்துக்கு ஒரு வெல்டிங் கோடு: சிக்கின வீல் பேரிங் கழண்ட கதை

எங்க வீட்டுப் பழைய மாருதி 800-க்கு முன்பக்க ஷாக் அப்சார்பரை நானே மாத்தப் போறேன்னு போன எபிசோடில் சொல்லியிருந்தேன். அது அரை நாளில் முடிஞ்சது, சொல்ல ஒண்ணுமில்லை. என்னை மூணு நாள் தரையில் உட்கார வச்சது பேரிங்தான்.

வண்டி இரண்டு மழைக்காலம் ஓட்டாமலே நின்றது. ஊரோ திருமழபாடி, கொள்ளிடக் கரை. ஈரத்துக்குக் குறைச்சல் இல்லை. இரும்பு துருவாக மாறும்போது முன்னைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் எடுத்துக்கும். இறுக்கமா அடிச்சுப் பொருத்தின இடத்தில் அந்தத் துரு ஆப்பு மாதிரி உட்கார்ந்துடும்.

திங்கட்கிழமை அம்மாவைக் கண் செக்கப்புக்குத் தஞ்சாவூர் கூட்டிட்டுப் போகணும். ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். "பஸ்ல போயிக்கலாம்டா"ன்னாங்க. திருமானூரில் இறங்கி வேற பஸ் ஏறி, பாலம் தாண்டி, அந்தப் புழுதியில் வேண்டாம்னு வீம்பு பிடிச்சது நான்தான். ஆரம்பிச்சது வியாழக்கிழமை.

பேரிங்னா இரண்டு வளையம், நடுவில் குண்டு. வெளி வளையம் நக்கிளுக்குள் இறுகியிருக்கும். உள் வளையம் ஹப்பைக் கவ்வியிருக்கும். நக்கிளைக் கழட்டி, ஸ்லைட் ஹேமர் போட்டு ஹப்பை இழுத்தேன். பேரிங் பிரிஞ்சே வந்தது. உள் வளையம் ஹப்போடு, வெளி வளையம் நக்கிளோடு. அப்படிப் பிரிஞ்ச பேரிங்கைத் திரும்பப் போடவே கூடாது.

உளியை வச்சு அடிச்சேன். அதுதான் முட்டாள்தனம். பேரிங் வளையம் கடினமாக்கின எஃகு, வளையாது, தெறிக்கும். ஒரு சில்லு கன்னத்தை உரசிட்டுப் போச்சு. கண்ணாடி போடலை. வீட்டில் ஒருத்தங்க கண்ணுக்காகத்தான் இவ்வளவும்னு யோசிச்சப்போ உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. அன்னைக்கு அதோடு நிறுத்திட்டேன்.

மறுநாள் உள் வளையம். 30 மி.மீ. துளை உள்ள எஃகு வளையத்தை 100 டிகிரி கூடுதலா சூடாக்கினா, துளை சுமார் 0.036 மி.மீ. பெருசாகும். பிடிச்சிருக்கிற இறுக்கம் பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். ஆனா வளையம் சூடாகணும், ஹப் சூடாகக் கூடாது. என் கையில் இருந்த சின்ன கேஸ் டார்ச்சுக்கு அந்த வேகம் இல்லை. இரண்டும் சேர்ந்தே சூடாகி, சேர்ந்தே விரிஞ்சது. கடைசியில் கிரைண்டரால் வளையத்தின் கனத்தில் முக்கால் பங்கு சாய்வா வெட்டினேன். முழுசா வெட்டினா ஹப்பில் கீறல் விழும். அந்தப் பள்ளத்தில் உளியை வச்சு ஒரே தட்டு, "டிங்"னு பிளந்தது. இந்தத் தடவை கண்ணாடி போட்டிருந்தேன்.

வெளி வளையம் அசையவே இல்லை. சனிக்கிழமை நக்கிளைச் சாக்கில் சுத்தி, அரியலூர் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறைக்குக் கொண்டு போனேன். சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏத்துற டிப்பர்கள்தான் அங்கே அதிகம். பேரிங் பார்க்காத நாளே இருக்காது. வெல்டர் அண்ணன் மோந்து பார்த்தார். "டீசல் ஊத்தினியா தம்பி? முதல்ல துடைச்சுக் காயவிடு. பிரேக் கிளீனர் ஏதாவது அடிச்சிருந்தா இப்பவே சொல்லிடு." சில கிளீனர்களில் குளோரின் கலந்திருக்கும், வெல்டிங் சூட்டில் அது விஷவாயுவா மாறும். நான் அடிக்கலை.

அவர் அடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. குண்டு ஓடுற தடத்தில், வளையத்தைச் சுத்தி ஒரு வெல்டிங் கோடு போட்டார். நக்கிளில் ஒரு பொறி படலை. "டீ குடிச்சிட்டு வா"ன்னார். உருகின உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது வளையத்தையும் உள்பக்கமா இழுக்கும். வெளிப்பக்க விட்டம் மயிரிழை குறைஞ்சா போதும். தண்ணி ஊத்தி அவசரமா ஆறவைக்கக் கூடாது, நக்கிள் விரிசல் விடும். டீ குடிச்சிட்டு வந்து நக்கிளைக் கவுத்து மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டினார். வளையம் தானா கீழே விழுந்தது. பார்த்துட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. உள் வளையம் சூடா இருக்கும்போது விடும். வெளி வளையம், உள்ளே வெல்டிங் போட்டா, ஆறும்போது விடும். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு மூணு நாள்.

புது பேரிங்கை அங்கேயே பிரஸ்ஸில் ஏத்தினோம். நக்கிளுக்குள் ஏத்தும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் அழுத்தணும். உள் வளையத்தில் அழுத்தினா அந்த பலம் குண்டு வழியாப் போய்த் தடத்தில் பள்ளம் விழும். ஓட்டும்போது "ஊ"ன்னு முனகும். அடுத்து ஹப்பை ஏத்தும்போது நேர்மாறு: உள் வளையத்துக்குப் பின்னால் தாங்கல் கொடுக்கணும்.

திங்கட்கிழமை காலையில் கொள்ளிடம் பாலத்தில் ஏறினோம். அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாங்க. "ஏன்டா, சத்தமே காணோம்?" அப்புறம் பாட்டு போடச் சொன்னாங்க. அவங்களை டாக்டர்கிட்ட உட்கார வச்சிட்டு, நான் வீல் அலைன்மென்ட் பார்க்கப் போனேன். ஷாக் அப்சார்பரைக் கழட்டி மாட்டினா அது கட்டாயம். அடுத்த எபிசோடில் பின்சக்கரம்.