மீன்வால் பலகை

எங்கள் தம்பலகாமக் குடாவில் பெரிய அலை கிடையாது. குளம்போல் அமைதியாகக் கிடக்கும். வயற்காட்டில் வளர்ந்த எனக்குத் தெரிந்த ஒரே பலகைச் சவாரி, விதைப்புக்கு முன் சேற்றை மட்டப்படுத்த உழவு இயந்திரம் இழுக்கும் பலகைதான். சின்ன வயதில் பாரத்துக்காக வாப்பா என்னை அதில் ஏற்றிவிடுவார். இயந்திரம் திரும்பும்போது பலகை பக்கவாட்டில் வழுக்கும். நான் சேற்றில் விழுவேன்.

அது ஏன் வழுக்கியது என்பது கடந்த ஒகஸ்ட் விடுமுறையில், பொத்துவிலில் மாமி வீட்டுக்குப் போனபோதுதான் விளங்கியது. பக்கத்திலேயே அறுகம்பை. மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கலுக்கு உலகெங்கும் பேர்பெற்ற கடற்கரை. 2018 இல் தொடங்கிய, இலங்கையின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்கல் கழகமும் அங்கேதான் இருக்கிறது.

மச்சி ஒரு குட்டையான, அகன்ற பலகையைக் காட்டினாள். நீளம் ஐந்தரை அடி இருக்கும். பின்புறம் மீன்வால்போல் இரண்டாகப் பிளந்திருந்தது. அதனால் இதற்கு மீன் பலகை என்றே பெயர். 1967 இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்பவர், முழங்காலிட்டுச் சறுக்குவதற்காக இதை வடிவமைத்தார். பின்னர் நின்று சறுக்குபவர்களும் இதை விரும்பி எடுத்துக்கொண்டனர்.

பலகையைக் கவிழ்த்தால், வாலின் இரு பக்கமும் ஒவ்வொரு துடுப்பு. உயரம் குறைவு, அடி நீளம். தோணியின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையைப் போன்றது. அலையின் சரிவு பலகையைக் கீழே தள்ளும்போது, இந்தத் துடுப்புகள் நீரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கவிடாமல் தடுக்கும். அதனால் பலகை அலையின் முகத்தோடு நேராக ஓடும். வயற்பலகைக்கு இல்லாதது இதுதான். அகலமும் தடிப்பும் உள்ளதால் சிறிய அலையிலும் இது நன்றாக மிதந்து வேகமெடுக்கும். ஆனால் பழகுபவர்கள் முதலில் நீளமான, மெதுவான பஞ்சுப்பலகையில்தான் ஏற வேண்டும்.

எனக்கு நீந்தத் தெரியாது. ஆகவே இடுப்பளவு நீரில், முழுக்கை நீச்சலுடையோடு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டேன். மச்சி தள்ளிவிட்டாள். ஒரு நொடி அலை என்னைத் தூக்கியது. அடுத்த நொடி எந்தக் குலுக்கலும் இல்லாமல் பலகை ஓடியது. எண்ணெய் பூசிய தட்டில் வழுக்கிப்போவதுபோல் இருந்தது. விழவே இல்லை. கரை மணல் நெஞ்சில் உரசியபோதுதான் நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

கரையில் மாமி நின்றிருந்தார். 2004 சுனாமியில் தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துத் தப்பியவர் அவர். மகளை எப்படிக் கடலுக்கு விட்டீர்கள் என்று கேட்டேன்.

"கடல் ஊட்டுக்குள்ள வந்த நேரம் எனக்கு நீந்தத் தெரியா. என்ட புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

அதைக் கேட்டு உம்மா ஒன்றும் பேசவில்லை. நான் நீச்சல் பழகக் கேட்டிருக்கிறேன். "பரீட்சை முடியட்டும், பார்ப்பம்" என்கிறார். முன்பெல்லாம் "வேணாம்" என்பார்.

— உயர்தர மாணவி, பௌதிக விஞ்ஞானப் பிரிவு