மூக்குக்கும் உண்டு பயிற்சி

ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். இழந்த மோப்ப சக்தியை மீட்க உதவும் நான்கு மணங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் கங்கையை ஒட்டிய ஊர் கன்னோஜ். ஒரு காலத்தில் ஹர்ஷரின் தலைநகர். இன்று அத்தரின் தலைநகர். இங்குள்ள பழைய பட்டறைகளில் 'டெக்' எனப்படும் செப்பு அண்டாவில் பூக்கள் தண்ணீரோடு கொதிக்கின்றன. ஆவி மூங்கில் குழாய் வழியாக 'பாப்கா' என்ற பாத்திரத்துக்குப் போய், பாரம்பரிய முறைப்படி சந்தன எண்ணெயில் கலக்கிறது. வெப்பமானி கிடையாது. சூட்டைக் கை சொல்லும். பக்குவத்தை மூக்கு சொல்லும். முதல் மழையில் எழும் மண்வாசனையைக்கூட 'மிட்டி அத்தர்' என்று குப்பியில் அடைத்துவிடுகிறார்கள்.

இது பிறவி வரமா? பெரும்பாலும் பழக்கம்தான். வாசனைத் திரவிய நிபுணர்களின் மூளையை ஆராய்ந்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு, அனுபவம் கூடக்கூட மூளை வாசனைகளைக் கையாளும் விதமே மாறுவதைக் காட்டியது. அதாவது, மூக்கையும் பழக்கலாம்.

இந்தத் தகவலின் அருமை 2020-ல்தான் பலருக்கும் புரிந்தது. கொரோனா வந்து போனது. காய்ச்சல் விட்டது. ஆனால் காபியில் மணமில்லை, ரசத்தில் ருசியில்லை. நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சில சுவைகள் மட்டுமே.

சாப்பாட்டோடு முடிகிற பிரச்சினையும் அல்ல இது. சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் இல்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே நெடி வீசும் மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. அந்த எச்சரிக்கை மணி மோப்பம் இழந்தவருக்குக் கேட்காது. கெட்டுப்போன பாலும் தெரியாது, அடுப்பில் தீயும் சோறும் தெரியாது. தன் உடம்பில் வியர்வை நாற்றம் வீசுகிறதோ என்ற சந்தேகத்தில் நாலு பேரோடு பழகவே கூச்சப்படுபவர்கள் உண்டு. குழந்தையின் உச்சிவாசனையை இழந்த தாயின் ஏக்கத்தை எந்தப் பரிசோதனையும் அளக்காது.

எப்படி நடக்கிறது?

மூக்கின் மேற்கூரையில் இருக்கின்றன மோப்ப நரம்பு செல்கள். அவற்றில் சுமார் 400 வகை ஏற்பிகள். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல செய்தி என்னவென்றால், மற்ற நரம்பு செல்களில் பெரும்பாலானவற்றைப் போல் இல்லாமல் இவை வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கின்றன. கொரோனா வைரஸ் பெரும்பாலும் தாக்கியது இவற்றையல்ல, இவற்றைத் தாங்கி நிற்கும் துணை செல்களை. பலருக்கும் வாசனை திரும்பிவர அது ஒரு காரணம்.

முளைக்கும் செல்களுக்கு வேலை கொடுப்பதுதான் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், மோப்பம் குறைந்தவர்கள் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களையும் காலையும் மாலையும் 12 வாரங்கள் முகர்ந்தார்கள். முகராதவர்களைவிட இவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது.

நான்குமே எளிதில் கிடைப்பவை. பன்னீர் ரோஜா, எலுமிச்சைத் தோல், இடித்த கிராம்பு, பஞ்சில் இரண்டு சொட்டு நீலகிரித் தைலம். தனித்தனிக் குப்பிகளில் போட்டு மூடிவையுங்கள். ஒவ்வொன்றையும் பத்து விநாடி மென்மையாக, சிறுசிறு மூச்சாக முகருங்கள். அரை நிமிடம் இடைவெளி. முகரும்போது அந்த மணத்தின் பழைய நினைவைக் கூப்பிடுவது முக்கியம். மூன்று மாதம் கழித்து மணங்களை மாற்றிக்கொண்டு மேலும் தொடர்ந்தால் பலன் கூடுவதாக 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. தைலத்தை மூக்குக்குள் விடக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அல்லது காபியும் வெங்காயமும் கருகிய குப்பைபோல் நாறலாம். பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' என்ற சொல் துர்நாற்றமாக மாற நூற்றாண்டுகள் ஆயின. இவர்களுக்கு அந்த மாற்றம் சில வாரங்களில் நடந்துவிடுகிறது. அதற்காகப் பயந்து பயிற்சியை விட வேண்டியதில்லை. நரம்புகள் மீண்டு வருவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

எச்சரிக்கை தேவை

பயிற்சி எல்லோருக்கும் பலிப்பதில்லை. மூக்கடைப்பு, மூக்கில் சதை வளர்ச்சி, சைனஸ் தொல்லை இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும். புகைப்பவர்கள் சிகரெட்டை விடாமல் மூக்கைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை. துத்தநாகம் கலந்த மூக்கு மருந்துகளால் மோப்பமே போகக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009-ல் எச்சரித்தது. சளி இல்லாமலேயே மோப்பம் மங்கினால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களின் முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம்.

செலவு, சில ரூபாய். நேரம், நாளைக்குச் சில நிமிடங்கள். தேவைப்படுவது பொறுமைதான். கன்னோஜின் தொழிலாளிக்கும் ஒரே நாளில் மூக்கு பழகிவிடவில்லை. அதுவரை மோப்பம் குறைந்தவர் இருக்கும் வீட்டில், இரவு படுக்கப் போகுமுன் காஸ் சிலிண்டரை மூடுகிற வேலையை வேறு யாராவது ஏற்றுக்கொள்வது நல்லது.