காற்று ஒரு பக்கம், ரத்தம் ஒரு பக்கம்... நுரையீரலின் கணக்கைக் காட்டும் 'வி/கியூ ஸ்கேன்'

கடம்பத்தூர் ஸ்டேஷன், காலை நேரம். சென்னை ரயில் ஒரு பிளாட்ஃபார்மில் காலியாக நிற்கிறது. கூட்டம் மொத்தமும் வேறொரு பிளாட்ஃபார்மில். ரயிலும் இருக்கு, ஆளும் இருக்கு... ஆனா யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. நோயுற்ற நுரையீரலிலும் இப்படி நடக்கும். காற்று போகிற இடத்துக்கே ரத்தமும் வந்தால்தான் ஆக்சிஜன் உடலில் ஏறும்.

ஊதிப் பார்க்கும் டெஸ்ட் போதாதா?

ஸ்பைரோமெட்ரி இரண்டு நுரையீரலுக்கும் சேர்த்து மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்தப் பகுதி உழைக்கிறது, எது சும்மா இருக்கிறது என்று காட்டுவது வி/கியூ ஸ்கேன். 'வி' என்றால் காற்றோட்டம், 'கியூ' என்றால் ரத்த ஓட்டம்.

எப்படி எடுக்கிறார்கள்?

மிகக் குறைந்த கதிரியக்கம் கொண்ட வாயு அல்லது நுண்துளிகளைச் சுவாசிக்க வைப்பார்கள். காமா கேமரா, காற்று சென்ற இடங்களைப் படம் பிடிக்கும். பிறகு டெக்னீசியம்-99எம் கலந்த நுண்துகள்களைக் கை நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். ரத்தம் பாயும் இடங்களில் அவை தங்கும். இதன் கதிரியக்கம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த வகை அளவீடு புதிதல்ல. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் நுரையீரலில் மேல்பகுதியைவிட அடிப்பகுதிக்கு அதிக ரத்தம் பாய்வதை, 1960-லேயே லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் வெஸ்ட் கதிரியக்க வாயுவால் அளந்து காட்டினார்.

என்ன தெரியும்?

காற்று போகிறது, ரத்தம் இல்லை என்றால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். டிபி தழும்பில் பெரும்பாலும் இரண்டுமே குறையும். காற்று வராத பகுதியின் ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கிக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

ஆபரேஷன் முடிவு

டிபியால் சிதைந்த இடது நுரையீரல், அடிக்கடி ரத்த வாந்தி போல இருமல். அதை எடுத்துவிடலாமா? உதாரணமாக, ஒருவர் முதல் நொடியில் 1.5 லிட்டர் ஊதுகிறார். ரத்த ஓட்டத்தில் இடது பக்கத்தின் பங்கு 10% என்றால், எடுத்த பிறகும் சுமார் 1.35 லிட்டர் மிஞ்சும். பங்கு 40% என்றால் மிஞ்சுவது 0.9 லிட்டர்தான். அப்போது டாக்டர் ரொம்பவே யோசிப்பார்.

திருவள்ளூர் வட்டாரத்துக்கு டிபி பழைய எதிரி. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வே அதற்குச் சாட்சி. மருந்து முடிந்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குதா? 'வயசாச்சு', 'கம்பெனி புகை'ன்னு விட்டுடாதீங்க. நுரையீரல் டாக்டரைப் பாருங்க. ஊதிப் பார்ப்பதில் தொடங்குவார். தேவைப்பட்டால் இந்த ஸ்கேன் வரும்.